கம்பேர் போட்டால் முழுப் பக்கமும் சிவப்பு: நிஜத் திருத்தத்தை எப்படிப் பிரிப்பது?

தோவாளை வாசகர்:
நூலக மலருக்குப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் பற்றி ஒரு கட்டுரை. வேர்டு ஃபைலை வாங்கினவர் டிராக் சேஞ்சஸ் (மாத்தினதைக் குறிச்சுக் காட்டுற வசதி) போடாமலே திருத்தி அனுப்பிட்டார். இப்ப வேர்டின் கம்பேரில் பழைய ஃபைலோட ஒப்பிட்டா ஒரு வரி மிச்சமில்லாம சிவப்பு. குழுவில் ஒரு ஐயா பேப்பரில்தான் பார்ப்பார். அவருக்கு எப்படிக் காட்ட?

மார்த்தாண்டம் டிடிபி:
முதல்ல எழுத்துருவைப் பாருங்க. ஒண்ணு பாமினி (யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு), இன்னொண்ணு யூனிகோடுன்னா எல்லாமே மாறினதாத்தான் காட்டும். பாமினியை யூனிகோடுக்கு மாத்திட்டு ஒப்பிடுங்க.

ரெண்டுமே யூனிகோடு, ஆனா 'கொ', 'போ' வர்ற சொல் மட்டும் சிவக்குதுன்னா காரணம் வேற. அந்தக் குறியை ஒரே குறியீடாவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமா ரெண்டாவும் சேமிக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ரெண்டு வரைவையும் டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து, என்எஃப்சி வடிவத்துக்கு (இந்தக் குறியை ஒரே குறியீடா சேர்க்கிற யூனிகோடு முறை) மாத்தி ஒப்பிட்டா அது போயிரும்.

அப்புறம் ரிவ்யூ, கம்பேர் போய், 'மோர்' அழுத்தி, ஃபார்மேட்டிங், வைட் ஸ்பேஸ் ரெண்டு டிக்கையும் எடுங்க. 'மூவ்ஸ்' இருக்கட்டும், இல்லேன்னா இடம் மாத்தின பத்தி ஒரு இடத்தில் அடிச்சதாவும் இன்னொரு இடத்தில் புதுசாவும் வரும். சொல் அளவிலேயே விடுங்க. எழுத்து அளவுக்குப் போனா உயிர்மெய் உடைஞ்சு, வாசிக்கவே முடியாது.

தக்கலை மெய்ப்பு:
டிடிபி அண்ணன் சொன்னது சரி. ஆனா ஒரே கம்பேரில் எல்லாத்தையும் பார்க்காதீங்க. ஒற்று, காற்புள்ளித் திருத்தங்களை முதல்ல அக்செப்ட் பண்ணி, '2அ'ன்னு தனி வரைவா வைங்க. அதிலிருந்து தகவல் திருத்தத்தைப் பாருங்க. அணைகளோட முழு நீர்மட்டம் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. யாராவது இந்த ரெண்டு எண்ணையும் மாத்திப் போட்டிருந்தா, நாற்பது 'ப்', 'க்' சிவப்புக்கு நடுவுல கண் தாண்டிப் போயிரும். ஒற்றைவிட இதுதான் ஆபத்து.

ஐயாவுக்கு: கறுப்பு-வெள்ளை பிரிண்டில் சிவப்பு வெளிறிப் போகும். டிராக் சேஞ்சஸ் ஆப்ஷனில் நிறத்தைக் கறுப்பாக்கி, நீக்கினதுக்கு நடுக்கோடு, சேர்த்ததுக்கு போல்டு வைங்க. அடிக்கோடு வேண்டாம், 'கு', 'மூ' எழுத்துகளோட கீழ்ச்சுழியில் ஏறி உட்காரும். வரி இடைவெளி ஒன்றரை இருந்தா அவர் பேனாவுக்கும் இடம் கிடைக்கும்.

தோவாளை வாசகர்:
பாமினிதான் அண்ணே! மத்தவங்க போனில் பார்க்கணுமே?

மார்த்தாண்டம் டிடிபி:
'ஆல் மார்க்கப்' (எல்லாத் திருத்தக் குறியையும் காட்டுற பார்வை) வச்சு பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. வேர்டு ஃபைலையே அனுப்பினா, குறி காட்டாத ஆப்பில் திறந்துட்டு 'ஒண்ணும் மாறலியே'ம்பாங்க.