போர்டோ கலவை அடியில் படிந்து நாசிலை அடைக்கிறது, என்ன செய்யலாம்?

கொல்லிமலை மிளகு:
வணக்கம். மழைக்கு முன்னால் மிளகுக் கொடிக்கு வாடல் நோய் வராமல் இருக்க 1 சதவீத போர்டோ கலவை அடிக்கிறேன். 16 லிட்டர் தெளிப்பானுக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 160 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 160 கிராம். இரண்டையும் ஒரே வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, அப்புறம் மீதித் தண்ணீரை ஊற்றினேன். திப்பி திப்பியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிட்டது. நாசில் அடைத்துக்கொண்டே இருக்கிறது. கத்தியை முக்கினால் செம்பு நிறம் ஏறுகிறது. மயில்துத்தம் கரையவில்லையா? வெந்நீர் விட்டால் தெளிந்த கரைசலாக வருமா?

வேதியியல் வாத்தியார்:
தம்பி, இது தெளிந்த கரைசலாக வராது, வரவும் கூடாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் வினைபுரிந்து காப்பர் ஹைட்ராக்சைடும் ஜிப்சமும் உண்டாகின்றன. நீலமாகத் தெரிவது காப்பர் ஹைட்ராக்சைடு. அது தண்ணீரில் கரையாமல் துகளாக மிதக்கும். கரையாததால்தான் இலையில் ஒட்டி மழையையும் தாங்குகிறது. வினைபுரியாத மயில்துத்தம் கரைந்த நிலையில் மிச்சம் இருந்தால் இலை கருகிவிடும்.

ஆக, உங்களுக்கு வேண்டியது நைசான துகள். இரண்டையும் கெட்டியாகச் சேர்த்தால் துகள் பெரிதாகத் திரளும். தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் 8 லிட்டர் தண்ணீரில் ஒன்று, 8 லிட்டரில் மற்றொன்று. சுண்ணாம்புப் பாலைத் துணியில் வடிகட்டி, அதில் மயில்துத்த நீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள்.

மயில்துத்தம் 100 மில்லி தண்ணீரில் சுமார் 30 கிராம் வரை கரையும். 8 லிட்டரில் 160 கிராம் என்றால் 100 மில்லிக்கு 2 கிராம்தான் வருகிறது, அதனால் கரைதிறன் பிரச்சினையே இல்லை. கட்டியாக இருந்தால் துணியில் முடிந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். கரைந்த நீர் கனம் கூடி கீழே இறங்கும், நல்ல தண்ணீர் மேலே வந்து கட்டியைத் தொடும். சுண்ணாம்பு அப்படியில்லை, லிட்டருக்கு 2 கிராம்கூடக் கரையாது. பாலாகவே இருக்கட்டும். வெந்நீரில் மயில்துத்தம் சீக்கிரம் கரையும், ஆனால் நன்றாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். சூட்டில் காப்பர் ஹைட்ராக்சைடு கறுத்து ஆக்சைடாக மாறிவிடும்.

ஏற்காடு காபி:
கத்தியில் செம்பு ஏறுவதைச் சாதாரணமாக விடாதீர்கள் அண்ணா. கரைந்த செம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், இரும்பு கரைய அந்த இடத்தில் செம்பு படிகிறது. இதனால்தான் இரும்பு வாளியும் ஆகாது. சுண்ணாம்பு எவ்வளவு நாள் பழசு?

கொல்லிமலை மிளகு:
போன வருஷத்து மூட்டை, வாய் திறந்தே கிடந்தது.

வேதியியல் வாத்தியார்:
கத்தியில் செம்பு ஏற அதுதான் காரணம். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து கால்சியம் கார்பனேட்டாகிவிடும். எடை இருக்கும், காரத்தன்மை இருக்காது. புதிதாகச் சுட்ட சுண்ணாம்பு வாங்கி நீற்றி, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். நீற்றும்போது கொதிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். கலந்த பிறகு கத்தியில் நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து, மறுபடி கத்தியை முக்கிப் பாருங்கள்.

கொல்லிமலை மிளகு:
சரிங்க ஐயா. மீந்ததை நாளைக்கு அடிக்கலாமா?

ஏற்காடு காபி:
வேண்டாம் அண்ணா. நேரம் ஆக ஆகத் துகள் பெருத்து, இலையில் ஒட்டாது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மயில்துத்த நீரையும் சுண்ணாம்புப் பாலையும் கலக்காமல் தனித்தனியாக மூடி வைத்தால் கெடாது. அடிக்கும்போது தெளிப்பானை அடிக்கடி குலுக்கிவிடுங்கள்.