வீட்டிலிருந்தே தேர்வுத்தாள் திருத்தும் பணி

கேள்வி: மொரீஷியசின் ரோஸ்ஹில்லில் 12 ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கும் நான், கேம்பிரிட்ஜ் தேர்வுத்தாள்களை வீட்டிலிருந்தே கணினித் திரையில் திருத்தும் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுவீர்களா?

மறுமொழி 1: வணக்கம் அம்மா. மூத்த தேர்வாளர்கள் முன்பே மதிப்பிட்ட மாதிரி விடைகளைத் திருத்தி, நம் மதிப்பெண் அவர்களுடையதோடு ஒத்துப்போனால்தான் உண்மையான விடைத்தாள்களைத் திருத்த அனுமதி கிடைக்கும். அதன் பிறகும் அத்தகைய விடைகள் அடையாளமின்றி இடையிடையே வந்து நம்மைச் சோதிக்கும். மிகவும் விலகினால் பணி நிறுத்தப்படும். முதல் பருவத்தில் நான் அழகிய கையெழுத்துக்கு என்னையறியாமல் கூடுதல் மதிப்பெண் இட்டதை இன்றும் வருத்தத்துடன் நினைக்கிறேன்.

மறுமொழி 2: ஊதியம் திருத்தும் அளவைப் பொறுத்தது என்றாலும் அவசரப்படாதீர்கள்; ஒவ்வொரு தாளும் ஒரு பிள்ளையின் உழைப்பு. நவம்பரில் நாம் இங்கிலாந்தைவிட 4 மணி நேரம் முன்னே இருப்பதால், மேற்பார்வையாளரின் பதில் பிற்பகலில்தான் வரும். அப்போதே புயல் காலமும் தொடங்குவதால் மாற்று இணைய இணைப்பு அவசியம்.

கேட்டவர்: மிக்க நன்றி. விண்ணப்பிக்கிறேன்.