கண்ணுக்குக் கீழே விபூதி பூசியது மாதிரி இருக்கிறது, சனிக்கிழமைக்குள் வழி சொல்லுங்கள்

செக்காலைப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. எனக்கு நல்ல சிவப்பு நிறம். கண்ணுக்குக் கீழே மட்டும் கருவளையம். இங்கே வந்து தூக்கம் கெட்டதிலிருந்து அது இன்னும் கூடிவிட்டது. நேற்று கடைக்குப் போனேன். நாம்தான் சிவப்பாயிற்றே என்று, ‘ஃபேர்’ என்று எழுதியிருந்த கன்சீலரை, அதுதான் கருவளையத்தை மறைக்கிற க்ரீம், எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் திருநீற்றைக் குழைத்து இரண்டு கண்ணுக்கும் கீழே இட்டது மாதிரி ஒரு சாம்பல் வெள்ளை. எதைப் பார்த்தாலும் சிரிக்கிற என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை பிள்ளையார் நோன்பு. இந்த ஊர் நகரத்தார் குடும்பங்கள் எல்லாம் ஒரு ஹாலில் கூடுகிறோம், நான் எல்லாரையும் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறேன். இழை எடுக்கிறபோது, அதாவது மாவில் வைத்த நூல் திரியைக் கொளுத்தி வாயில் போட்டுக்கொள்கிறபோது, போட்டோ எடுத்து உடனே ஊருக்கு அனுப்பவேண்டும் என்று மாமியார் உத்தரவு. எந்த கன்சீலர் வாங்கலாம்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
ஆத்தா, கன்சீலர் கிடக்கட்டும். முதலில் நீ தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, அதைச் சொல். நான் 1998-ல் டொரண்டோ வந்தேன். இறங்கியது ஜனவரி மாதம். பேஸ்மென்ட் வீடு. ஒரே ஒரு ஜன்னல், அதையும் பாதிக்குப் பனி மூடியிருக்கும். அவுகளுக்கு இரவு வேலை. ஹீட்டர் போடுகிற சத்தத்தை யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து விடிய விடிய முழித்துக் கிடப்பேன். நாலு கட்டும் இரண்டு வளவுமாக இருந்த வீட்டில் வளர்ந்தவள், ஒரு அறைக்குள்ளே அடுப்பையும் கட்டிலையும் வைத்துக்கொண்டு எட்டு மாதம் இருந்தேன். கண்ணுக்குக் கீழே மை வழிந்த மாதிரி ஆகிவிட்டது. உருளைக்கிழங்கு வைத்தேன், வெள்ளரிக்காய் வைத்தேன், ஊரிலிருந்து விளக்கெண்ணெய் வரவழைத்துத் தடவினேன். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோதுதான் ஹீமோகுளோபின் குறைவு என்று தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் முகத்தில் வெளிச்சமே வந்தது. நீயும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிடு.

புதுவயல் தம்பி:
ஆச்சி சொல்வது சரிதான். ஆனால் சனிக்கிழமைக்குள் ஹீமோகுளோபின் ஏறாது. அக்கா, செஃபோரா கடைக்குப் போங்கள், மூன்று நிறம் வாங்குங்கள், வீட்டில் போட்டுப் பாருங்கள், பொருந்தாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் மனைவி அப்படித்தான் செய்கிறாள். இங்கே அமெரிக்காவில் திறந்த டப்பாவாக இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

கானாடுகாத்தான் மருமகள்:
கண்ணுக்குக் கீழே என்றால் நம் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பாகத்தான் எடுக்கவேண்டும். அப்போதுதான் கண் பளிச்சென்று தெரியும். நான் டார்ட் ஷேப் டேப் கன்சீலர் வைத்திருக்கிறேன். கண்ணிலிருந்து கன்னம் வரை தலைகீழ் முக்கோணமாக நிறையப் போட்டுத் தேய்த்துவிடுவேன். நீங்கள் போட்டது குறைவாக இருந்திருக்கும். இன்னொரு கோட்டிங் கொடுத்துப் பாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
இரண்டு படி வெளுப்பா! அதைத்தானே அந்தப் பிள்ளை போட்டுக்கொண்டு அழுகிறது? முகத்தின் நிறம் எதுவோ அதே நிறம்தான் கண்ணுக்குக் கீழேயும். அதற்கு முன்னால் சிவப்பு லிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் தொட்டுத் தேய்த்துக்கொண்டால் கருப்பு அமுங்கிவிடும். வீடியோவில் பார்த்து நானே செய்திருக்கிறேன், செலவே இல்லை.

செக்காலைப் பொண்ணு:
லிப்ஸ்டிக் போட்டுப் பார்த்தேன். அதன்மேல் அந்த ஃபேர் கன்சீலரையும் போட்டேன். இப்போது ரோஸ் கலரில் இருக்கிறது. கண் வலி வந்த மாதிரி. அப்புறம் தம்பி, நான் இருப்பது அமெரிக்கா இல்லை. இங்கே திறந்ததைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று ரசீது கொடுக்கும்போதே சொன்னார்கள்.

நாட்டரசன்கோட்டை:
நான் ஒன்று சொல்லலாமா? இந்தச் ‘செவப்பு’ என்ற வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். நம் வீடுகளில் ஒரு பிள்ளை பிறந்தவுடன் காதோரத்தைப் பார்த்து நிறம் சொல்லிவிடுவார்கள். வரன் விளம்பரத்தில் படிப்புக்கு முன்னால் நிறம். என்னை மாநிறம் என்று எழுதினார்கள், என் தங்கச்சியைச் சிவப்பு என்று எழுதினார்கள். இரண்டு பேரும் மெல்போர்னில் ஒரே கடையில் போய் நின்றோம். அந்தப் பெண் இரண்டு பேருக்கும் ஒரே ட்யூபை எடுத்துக் கொடுத்தாள்! தங்கச்சி அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
எங்கள் அப்பத்தா என்னைப் பார்த்து, ‘கருப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்பார்கள். அந்த ‘இருந்தாலும்’ இன்னும் காதில் இருக்கிறது.

புதுவயல் தம்பி:
நிறத்தை விடுங்கள். நோன்புக்கு யார் கருப்பட்டிப் பணியாரம் கொண்டுவருகிறார்கள்? எங்கள் ஊர் ஹாலில் போன வருஷம் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, எண்ணெய் வைக்கக் கூடாது, திரி கொளுத்தினால் அலாரம் அடிக்கும் என்று ஒரே ரகளை. இழையை வாசலில் நின்று குளிரில் எடுத்தோம். இதற்கு வாடகை வேறு!

நாட்டரசன்கோட்டை:
இங்கே கவுனி அரிசி கிலோ என்ன விலை தெரியுமா? அதைச் சொன்னால் இன்னும் நாலு பேருக்குக் கருவளையம் வரும்.

ஆத்தங்குடி அண்ணன்:
நான் மஸ்கட்டில் கட்டட வேலை பார்ப்பவன். மேக்கப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் கானாடுகாத்தான் தங்கச்சி ‘இன்னொரு கோட்டிங்’ என்று சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நம் ஊர் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மாதிரி இருக்கும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பூச்சு. அதை ஒரே தடவையில் அப்பமாட்டார்கள். அடிப்பூச்சு ஈரம் பார்த்து, மெலிசு மெலிசாகப் பல தடவை ஏற்றி, கடைசிப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். காய்ந்த சுவரில் தடிமனாக அப்பினால் மறுநாளே வெடிக்கும். கண்ணுக்குக் கீழே மட்டும் வெடிக்காதா?

கோட்டையூர்க்காரி:
அண்ணன் சொன்னதுதான் இந்தப் பேச்சில் இதுவரை வந்த முதல் உருப்படியான பதில். நான் கோலாலம்பூரில் நாலு வருஷம் மேக்கப் கவுன்டரில் நின்றவள். தங்கச்சி, கன்சீலர் பெயர் கேட்டாயே தவிர, பெயர் சொல்வதற்கு வேண்டிய எதையும் நீ சொல்லவில்லை. எந்த ஊரில் இருக்கிறாய்? வளையம் பழுப்பா, நீலமா? கீழ் இமைத் தோலை விரலால் மெல்ல இழுத்துப் பார். நிறம் அப்படியே நின்றால் தோலிலேயே இருக்கிற கருப்பு. நீலமோ ஊதாவோ இன்னும் எடுப்பாகத் தெரிந்தால் அடியில் இருக்கிற ரத்தக்குழாய், அந்த இடத்துத் தோல் அவ்வளவு மெலிசு. ஜன்னலுக்கு நேரே நின்று முகத்தைத் தூக்கினால் வளையம் காணாமல் போனால் அது வெறும் குழியின் நிழல், எந்த ட்யூபும் அதை முழுக்க மறைக்காது. மூன்றையும் பார்த்துவிட்டு வா. லிப்ஸ்டிக்கை உடனே கழுவு. லிப்ஸ்டிக்கில் சேர்க்கிற சில சாயங்களைக் கண் பக்கம் போடக் கூடாது.

செக்காலைப் பொண்ணு:
மன்னிச்சிருங்க அக்கா. லீட்ஸ், இங்கிலாந்து. இழுத்துப் பார்த்தேன், பழுப்பு அப்படியே இருக்கிறது, மூக்கோரத்தில் அதிகம். முகத்தைத் தூக்கினால் கொஞ்சம் குறைகிறது, போகவில்லை. அம்மாவுக்கும் ஆயாவுக்கும் இதே இடத்தில் உண்டு. தோல் இப்போது வறண்டு செதில் செதிலாக இருக்கிறது. பத்து பதினைந்து பவுண்டுக்கு மேல் வேண்டாம், ஏற்கெனவே ஒன்று வீண்.

கோட்டையூர்க்காரி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஆச்சிக்கு டொரண்டோ வரை போகவேண்டிய வேலை இருந்திருக்காது.

முதல் விஷயம், காரைக்குடியில் நீ சிவப்பு. லீட்ஸ் கடையில் ‘ஃபேர்’ என்பது வெயில் பட்டால் ரோஸாகிற வெள்ளைக்காரத் தோலுக்கு. நீ அங்கே லைட் மீடியம், இல்லை மீடியம். அதைவிட முக்கியம் அடிநிறம். நம்மில் பெரும்பாலோருக்கு மஞ்சள் ஓடும், பல ஃபேர் ட்யூபுகளில் ரோஸ் ஓடும். பழுப்பின் மேல் வெளுத்த ரோஸ் போட்டால் சாம்பல்தான் வரும். பெட்டியில் ‘வார்ம்’, ‘கோல்டன்’ என்று போட்டிருப்பதைப் பார். மேக் (MAC) கம்பெனி கவுன்டருக்குப் போனால் உஷார், அங்கே என்சி (NC) என்பதுதான் மஞ்சள் ஓடுகிற தோலுக்கு, என்டபிள்யூ (NW) ரோஸுக்கு. ‘சி’ என்றால் கூல், அதாவது ரோஸ் ஓட்டம்தானே என்று நினைத்துப் பலர் மாற்றி வாங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, கன்சீலர் மட்டும் போதாது. பழுப்பை வெளுப்பால் அடிக்க முடியாது. முதலில் பீச் பழ நிறத்தில் கரெக்டர் வேண்டும், கன்சீலருக்கு அடியில் போட்டுப் பழுப்பை அமுக்குவது அதுதான். கருத்த தோலுக்கு ஆரஞ்சு, உன் நிறத்துக்குப் பீச் போதும். அதையும் பழுப்பு இருக்கிற பிறை மேல் மட்டும். ஒரு கண்ணுக்கு ஒரு உளுந்து அளவுகூட வேண்டாம். அதன்மேல் முகத்துக்குப் பொருந்துகிற கன்சீலர். அரைப்படி வெளுப்பு இருந்தால் தப்பில்லை, இரண்டு படி வேண்டாம். கானாடுகாத்தான் மருமகள் கோபித்துக்கொள்ளவேண்டாம், வீடியோ வெளிச்சத்துக்கு அது சரி, ஹாலில் பக்கத்தில் நின்று பேசுகிறவர்களுக்குத் தெரியும்.

பூட்ஸ், சூப்பர்டிரக் என்ற கடைகள் இரண்டிலும் மேபலின் ஃபிட் மீ கன்சீலர் இருக்கும். 20 சாண்டையும் 25 மீடியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். பணம் இருந்தால் நார்ஸ் ரேடியன்ட் கிரீமி கன்சீலரில் கஸ்டர்ட் என்ற நிறம், அதில் நல்ல மஞ்சள் ஓட்டம். சின்ன ட்யூபாகவும் விற்பார்கள். ஆனால் நான் சொன்ன எண்ணை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே. புறங்கையில் போட்டுப் பார்க்காதே, தாடை ஓரத்தில் இரண்டு கோடு போடு. கடையில் போட்டுப் பார்க்க வைத்திருக்கிற டெஸ்டரைக் கண் பக்கம் கொண்டுபோகவே போகாதே, எத்தனை பேர் தொட்டதோ. கோடு போட்ட பிறகு பத்து நிமிஷம் கடைக்கு வெளியே நில். சில கன்சீலர் காற்றுப் பட்டுக் கொஞ்சம் கருக்கும். எந்தக் கோடு தெரியாமல் போகிறதோ அதுதான் உன்னுடையது. டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும், அதனால் மதியம் போ. கடை விளக்கை நம்பினால் திரும்பவும் இதே கதைதான்.

போடுகிற அன்று, முந்தின நாள் கண்மையை எண்ணெய் தொட்டுச் சுத்தமாகத் துடை. பாதிக் கருப்பு அதுவாகவே இருக்கும். க்ரீம் தடவி ஐந்து நிமிஷம் விடு. ஆத்தங்குடி அண்ணன் சொன்ன ஈரம் இதுதான். அப்புறம் கரெக்டர், அப்புறம் கன்சீலர், இரண்டையும் மோதிர விரலால் ஒற்று, தேய்க்காதே. பவுடர் பட்டும் படாமல், கோடு விழுகிற இடத்தில் மட்டும். கிளம்புவதற்கு முன் ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பார். சில பவுடரும் சன்ஸ்கிரீனும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, ஃப்ளாஷில் வெள்ளைத் திட்டாக அடிக்கும். மாமியாருக்குப் போகிற போட்டோ, ஞாபகம் இருக்கட்டும்.

கானாடுகாத்தான் மருமகள்:
கோபமெல்லாம் இல்லை. ஆனால் எனக்கு இரண்டு படிதான் நன்றாக இருக்கிறது.

செக்காலைப் பொண்ணு:
சனிக்கிழமை ராத்திரி எழுதுகிறேன். நேற்று சாப்பாட்டு நேரத்தில் போய் வந்தேன். 20 வெளுத்தது, 25 மறைந்தது. கடை வாசலில் தாடையில் இரண்டு கோட்டோடு பத்து நிமிஷம் நின்றேன். ஒரு பாட்டி நின்று, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்று காலையில் ஃப்ளாஷ் போட்டுப் பார்த்தால் அக்கா சொன்ன மாதிரியே இரண்டு வெள்ளைத் திட்டு. பவுடரைத் துடைத்துவிட்டேன், சரியாகிவிட்டது. பழுப்பு முழுக்கப் போகவில்லை, மூக்கோரத்தில் கொஞ்சம் தெரிகிறது. இழையைக் கொளுத்தி வாயருகே கொண்டுபோகிறபோது அந்தத் திரி வெளிச்சம் முகத்தில் விழுந்ததில் அதுவும் தெரியவில்லை. அலாரம் அடிக்கவில்லை தம்பி, ஹால்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார். மாமியார் போட்டோவைப் பார்த்துவிட்டு, தோடு ஏன் சின்னதாகப் போட்டிருக்கிறாய் என்று கேட்டார்கள்.

ஆச்சி, திங்கட்கிழமை ஜிபிக்கு, இங்கே குடும்ப டாக்டரை அப்படித்தான் சொல்கிறார்கள், போன் செய்து ரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் அக்கா, அந்த வெள்ளை ட்யூபை என்ன செய்ய?

கோட்டையூர்க்காரி:
தூக்கிப்போடாதே. அடுத்த கோடையில் வெயிலில் அலைந்து நீ கருத்துவிட்டால் 25-ஐவிட ஒரு படி கருத்தது வாங்கவேண்டியிருக்கும். அது அதிகமாகக் கருத்திருந்தால் இதில் ஒரு அரிசி அளவு கலந்து இறக்கிக்கொள்ளலாம். ட்யூபின் பின்னால் மூடி திறந்த டப்பா படம் இருக்கும், அதற்குள் ஒரு எண் போட்டிருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதம்தான். திறந்த தேதியை மூடியில் எழுதி வை.

செக்காலைப் பொண்ணு:
12 என்று இருக்கிறது. எழுதிவிட்டேன்.