ஸ்பேஸ் லா தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒரு டவுட்டு

மக்களே, காலேஜ் செமினாருக்கு பிளானட்டரி புரொடக்‌ஷன் எடுத்திருக்கேன், அதாவது நம்ம ஊரு கிருமி வேற கிரகத்துக்குப் போகக்கூடாது, அங்க எதாச்சும் இருந்தா இங்க வரக்கூடாது, அந்த மேட்டர்.

நாசா பண்ணதெல்லாம் ஓரளவு புரிஞ்சிடுச்சு. வைக்கிங் லேண்டரை செவ்வாய்க்கு அனுப்புறதுக்கு முன்னாடி 110 டிகிரிக்கு மேல மணிக்கணக்கா சூடாக்குனாங்க, காசினி விண்கலம் பின்னாடி சனியோட நிலாவான என்செலடஸ் மேல போய் விழுந்துடக்கூடாதுன்னு 2017ல சனிக்குள்ளயே விட்டு எரிச்சாங்க.

நான் மாட்டிக்கிட்டு நிக்கிறது பெரெஷீட் கேஸ்ல. 2019 ஏப்ரல்ல நிலால மோதுன இஸ்ரேல் லேண்டர், தனியார் முயற்சி, அதுல ஆர்ச் மிஷன்னு ஒரு அமெரிக்க அமைப்பு டார்டிகிரேடை (கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல இருக்கிற, லேசுல சாகாத குட்டி உயிரி) வச்சு அனுப்பிருக்கு, விஷயம் ஊருக்குத் தெரிஞ்சதே மோதுனதுக்கு அப்புறம்தான். நிலாவுக்கு கோஸ்பார் (சர்வதேச விண்வெளி ஆராய்ச்சிக் குழு) ரூல்ஸ் ரொம்ப லைட்டு, என்ன கொண்டு போறோம்னு எழுதிக் குடுத்தா போதும், அதுகூட பண்ணலன்னா என்னங்க! அதுவும் வெறும் வழிகாட்டுதல்தான், சட்டம் கிடையாது.

1967 அவுட்டர் ஸ்பேஸ் ட்ரீட்டில (விண்வெளி பத்தி நாடுகள் போட்ட ஒப்பந்தம்) 9வது ஆர்ட்டிகிள் மாசுபடுத்தாதேங்குது, 6வது ஆர்ட்டிகிள் தனியார் பண்றதுக்கும் அந்தந்த நாடுதான் பொறுப்புங்குது. சரி, லேண்டர் இஸ்ரேலோடது, டார்டிகிரேட் வச்சது அமெரிக்கக்காரங்க, ராக்கெட் அமெரிக்காவோட ஃபால்கன் 9, கிளம்புனது ஃபுளோரிடால. அப்போ பதில் சொல்ல வேண்டியது எந்த நாடு? ரெண்டுமா?

தெரிஞ்சவங்க சொல்லுங்க, நல்ல கட்டுரை, லெக்சர் இருந்தாலும் லிங்க் தட்டி விடுங்க. ட்ரீட்டி டெக்ஸ்ட் மட்டும் வேணாம், கைல இருக்கு.