நியூயார்க் கல்லூரி தடுப்பூசிப் படிவம்: 2017 பள்ளி ஊசி கணக்கில் வருமா?

கேள்வி (விமானம்_ஆகஸ்ட்):
நியூயார்க் மாநிலத்தில் எம்.எஸ். சேர்கிறேன். 2004-இல் பிறந்தவன். படிவத்தில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) 2 டோஸ் கேட்கிறார்கள். என் அட்டையில் 9-ஆம் மாதம் போட்ட தட்டம்மை ஊசியும், 2017 பிப்ரவரியில் பள்ளியில் போட்ட எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியும் இருக்கின்றன. இது போதாதா? காசநோய் டெஸ்ட், மூளைக்காய்ச்சல் ஊசி எல்லாம் எப்போது போட வேண்டும்?

ஊசிமுனை:
போதாது. முதல் பிறந்தநாளுக்கு முன்னால் போட்டதை அங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதனால் 9-ஆம் மாத ஊசி போச்சு. 2017 எம்ஆர், தட்டம்மைக்கு ஒன்று, ரூபெல்லாவுக்கு ஒன்று என்று நிற்கும், அதுவும் அட்டையில் முழுத் தேதி இருந்தால்தான். அந்த ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்தே கிடையாது. பலர் இடறுவது இங்கேதான்.

மாநிலச் சட்டம் கேட்பது தட்டம்மை 2, பொன்னுக்கு வீங்கி 1, ரூபெல்லா 1. கணக்குப்படி இன்னும் ஒரு எம்எம்ஆர் போட்டாலே சரியாகிவிடும். ஆனால் உங்கள் படிவம் எம்எம்ஆர் என்றே 2 கேட்கிறது என்றால் வாதாடாமல் இரண்டும் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் கூடுதல் டோஸால் கெடுதல் இல்லை. இடைவெளி குறைந்தது 28 நாள். போட்ட 7 முதல் 12 நாளில் லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம், பயணத்தை ஒட்டி வைக்காதீர்கள்.

நாலாவது_மாடி:
காசநோய் டெஸ்டை ஊசியோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். எம்எம்ஆர் உயிருள்ள கிருமி ஊசி, டெஸ்ட் முடிவைத் தற்காலிகமாக அமுக்கிவிடும். ஊசி போடும் அன்றே டெஸ்டுக்கு ரத்தம் கொடுங்கள். தவறினால் 4 வாரம் காத்திருக்க வேண்டும். சின்னம்மை ஊசிக்கும் இதே கதைதான்: எம்எம்ஆரோடு ஒரே நாளில், இல்லாவிட்டால் 28 நாள் கழித்து.

மாண்டூ (கைத் தோலில் மருந்து ஏற்றி வீக்கம் பார்க்கும் காசநோய் டெஸ்ட்) வேண்டாம். நம்மூரில் பெரும்பாலும் எல்லோரும் பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள், கை வீங்கி பாசிட்டிவ் காட்டலாம். ஐஜிஆர்ஏ என்ற காசநோய் ரத்தப் பரிசோதனைக்கு பிசிஜி குறுக்கே வராது. பல கல்லூரிகள் அங்கே வந்து எடுத்த டெஸ்டைத்தான் ஏற்கும், காசு செலவழிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

மூளைக்காய்ச்சல் ஊசி நியூயார்க்கில் கட்டாயமில்லை. கடந்த 5 ஆண்டுக்குள் போட்டதற்குச் சான்று, அல்லது விவரம் படித்தேன், வேண்டாம் என்று கையெழுத்து. அந்தத் தாளையே அனுப்பாமல் விடுவதுதான் தப்பு. டெக்சாஸில் 22 வயதுக்குக் கீழே என்றால் வகுப்பு தொடங்க 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும்.

விமானம்_ஆகஸ்ட்:
நன்றி. எம்எம்ஆர் ஊசிக்குப் பதில், எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட் கொடுக்கலாமா?

ஊசிமுனை:
கொடுக்கலாம். லேபில் ஐஜிஜி (நிலைத்து நிற்கும் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் டெஸ்ட்) என்று அழுத்திச் சொல்லுங்கள். காய்ச்சல்காரர்களுக்குப் பார்க்கும் ஐஜிஎம் போட்டுத் தந்தால் வீண். மூன்று நோய்க்கும் தனித்தனியே பாசிட்டிவ் வர வேண்டும். 'ஈக்விவோக்கல்' (இரண்டுங்கெட்டான் முடிவு) என்று வந்தால் இல்லை என்றே அர்த்தம், திரும்பவும் ஊசிதான். பெரும்பாலும் ஊசியே மலிவு.

முத்திரை_எங்கே:
படிவம் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் தேதி. ஜூன் 8 முதல் டோஸ், ஜூலை 6 இரண்டாவது என்று வையுங்கள், சரியாக 28 நாள். டாக்டர் 08/06, 06/07 என்று எழுதுவார். அமெரிக்காவில் மாதம்தான் முதலில், ஆகஸ்ட் 6, ஜூன் 7 என்று படிப்பார்கள். இரண்டாவது ஊசி முதல் ஊசிக்கு முன்னால் போய் நிற்கும்! மாதத்தை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

டாக்டர் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் வேண்டும். மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டச் சொன்னால் பேட்ச் எண் பிரச்சினை இல்லை. படிவத்தில் டிடேப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் மூன்றுக்குமான ஊசி) கேட்டிருந்தால் காயத்துக்குப் போட்ட டிடி ஊசியைக் காட்டாதீர்கள், அதில் கக்குவான் மருந்து இல்லை.

வகுப்பு தொடங்கி 30 நாள் வரை அவகாசம் உண்டு, வெளிநாட்டிலிருந்து வருபவர் முயற்சி எடுப்பதாகக் காட்டினால் 45. அதை நம்பி இரண்டாவது டோஸைத் தள்ளிப்போட வேண்டாம், அங்கே போட்டால் செலவு பல மடங்கு.