மறு: அப்ஸ்ட்ரீமுக்குத் தமிழ் – மேலோடையா, தலைமடையா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மென்பொருளை நாம் யாரிடமிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறோமோ அவர் பக்கம்தான் அப்ஸ்ட்ரீம். அதற்குத் தமிழ்ச்சொல் எது என்று மூன்று நாளாக ஓடும் இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன். தாமதத்துக்குப் பொறுத்தருள்க, வேலையிடத்தில் சேவையகம் மாற்றும் வாரம்.

> அப் என்றால் மேல், ஸ்ட்ரீம் என்றால் ஓடை. மேலோடை. இதில் என்ன குழப்பம்?

ஐயா, இரண்டு துண்டாக வெட்டி, இரண்டையும் பெயர்த்து, திரும்ப ஒட்டியிருக்கிறோம். என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். "மேலே ஓடுறதா? கிளவுடா சார்?" என்றார். ஆங்கிலச் சொல்லை முன்பே அறிந்தவருக்கு மட்டும் புரியும் தமிழ்ச்சொல் எதற்கு?

நான் முன்வைப்பது தலைமடை, அதாவது வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாயும் இடம். புதுச்சொல் அல்ல. நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று வானொலி சொன்ன நாளிலிருந்து, எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்போம். கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை என்று ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறதே, அந்தக் கடைமடை நாங்கள். தலைமடை எது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அதனதன் தலைமடை உண்டு. லினக்ஸ் இயங்குதளங்களையே பாருங்கள்: லினக்ஸ் மின்ட்டுக்கு உபுண்டு தலைமடை, உபுண்டுவுக்கு டெபியன், டெபியன் தொகுக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதை எழுதும் மூலத் திட்டம். யார் எங்கே நின்று பேசுகிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் நகர்கிறது. ‘மூலத்திட்டம்’ என்று ஒரு தோழி பரிந்துரைத்திருந்தார். நல்ல சொல்தான், ஆனால் மூலம் ஒன்றுதானே இருக்க முடியும்? மின்ட்டின் பார்வையில் உபுண்டுவை மூலம் என்றால் டெபியன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

> தண்ணீர் தலைமடைக்குத் திரும்பிப் போகாது. ஆனால் ஒட்டுகளை, அதாவது நிரலில் நாம் செய்த திருத்தங்களை, திருப்பி அனுப்புகிறோம். உவமை அங்கே உடைகிறதே?

இழையிலேயே கூர்மையான கேள்வி இது. தண்ணீர் திரும்பாதுதான். ஆள் திரும்புவான். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்தால் கடைமடைக்காரன்தான் மண்வெட்டியோடு மேலே நடப்பான், ஏனென்றால் காய்வது அவன் வயல். ஊர் கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடும் குடிமராமத்து அப்படி வந்ததுதான். (மராமத்து அரபுச்சொல் என்று யாரும் வாளை உருவ வேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது.)

என் பிழைப்பிலிருந்தே ஒன்று சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், தரவுத்தள இணைப்புகளைச் சேர்த்துவைத்துப் பகிர்ந்து தரும் திறமூல நூலகம் ஒன்றைப் பயன்படுத்தினோம். இணைப்பு நடுவில் அறுந்தால் அது கணக்குக்குத் திரும்பாமல் தொலைந்துபோகும். நான் 14 வரியில் ஒட்டுப்போட்டு எங்கள் நகலில் வைத்துக்கொண்டேன். வெளியே அனுப்ப நேரமில்லை என்று மேலாளர் சொன்னார், எனக்கும் சோம்பல். நூலகம் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அந்த ஒட்டைத் திரும்பப் பொருத்துவோம். மூன்றாவது முறை மறந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின இரவு இணைப்புகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து சேவையகம் வாய்மூடிக்கொண்டது. முறுக்குத் தட்டோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து விடியவிடியத் தேடினேன்.

அடுத்த வாரமே தலைமடைக்கு அனுப்பினேன். அங்கே பராமரிப்பவர் முதலில் கேட்டது ஒரு சோதனை நிரல்: பிழை நிகழ்வதைக் காட்டு, பிறகு பேசலாம். அதை எழுதத்தான் இரண்டு நாள் ஆனது. எழுதிக் காட்டியதும் அவர் உண்மையான ஓட்டையை வேறு கோப்பில் கண்டுபிடித்தார். என் 14 வரி அவர் கையில் 3 வரியானது. இத்தனை நாள் நான் புண்ணை விட்டுப் பக்கத்தில் கட்டுப்போட்டிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது ஆளெடுக்கும்போது நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் பங்களித்த நாளைக் காட்டும் பச்சைக் கட்டம் எத்தனை என்று நான் பார்ப்பதில்லை. அனுப்பிய ஒட்டுக்கு என்ன மறுப்பு வந்தது, அதற்கு என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் கதை ஒரு நிறுவனத்தோடு போயிற்று. டெபியனில் 2006-இல் நடந்தது அப்படியல்ல. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில், நினைவகச் சோதனைக் கருவி எச்சரித்ததால் ஓரிரு வரிகளை எடுத்துவிட்டார்கள். மூலத் திட்டத்தின் அஞ்சல் பட்டியலில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது உண்மை, ஆனால் ஒட்டு அங்கே போய்ச் சேரவில்லை, டெபியனிலேயே தங்கிவிட்டது. அந்த வரிகள் போனதால், மறையாக்கச் சாவி செய்யும் தற்செயல் எண்ணுக்கு விதையாக மிஞ்சியது செயல்முறை எண் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) மட்டுமே. ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள், அவ்வளவுதான். 2008 மே மாதம் வெளியே தெரிந்தபோது உபுண்டு உட்படக் கீழே இருந்த அத்தனை பேரும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தச் சொல்லை வைத்து கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் 2024 மார்ச்சில் வெளியே தெரிந்த பின்கதவு விவகாரத்தை எழுதிப் பார்த்தேன், தாங்குகிறதா என்று. விஷம் கலந்தது எக்ஸ்இசட்டின் தலைமடையிலேயே, பராமரிப்பில் பங்கு பெற்றுவிட்ட ஒருவர் கையால், 5.6.0, 5.6.1 பதிப்புகளில். ஆனால் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் தன் தலைமடையில் அந்த நூலகத்தைத் தொடுவதே இல்லை. டெபியன் போன்றவர்கள் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஆதரவுக்காகப் போட்ட ஒட்டு ஒரு கிளை வாய்க்காலாகி, அதன் வழியே பாய்ந்தது. கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டியவர். எனக்குத் தாங்குகிறது என்றுதான் படுகிறது. ‘மேலோடை’யை வைத்து யாராவது இதே பத்தியை எழுதிக் காட்டுங்கள்.

ஒட்டைத் திருப்பி அனுப்பும் வினைக்கு மடையேற்றுதல் என்று சொல்லலாமா? ஏற்றம் இறைத்தவர்கள் நாம். பள்ளத்து நீரை மேட்டுக்குக் கொண்டுபோக உழைப்பு வேண்டும், இதற்கும் வேண்டும். "அந்த ஒட்டை மடையேத்தியாச்சா?" – பேச்சில் வாய்க்கு வருகிறது.

என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சேவையகத்தின் அமைவுக் கோப்பிலும் அப்ஸ்ட்ரீம் வரும், 502 பிழை வரும்போதெல்லாம் பதிவேட்டில் அதைத்தான் பார்க்கிறோம். அங்கே அது பின்னால் நிற்கும் சேவையகம். பின்சேவையகம் என்றே போட்டுவிடலாம், ஒரு சொல்லில் இரண்டையும் அடைக்க வேண்டாம்.

அன்புடன்,
கடைமடைக்காரன்

---

> அண்ணா, தலைமடை பிடித்திருக்கிறது. மடையேற்றம் கேட்டால் மானம் கப்பலேறுவது நினைவுக்கு வருகிறது, பழகிவிடும். ஆனால் டவுன்ஸ்ட்ரீமுக்கு, அதாவது எடுத்துப் பயன்படுத்தும் பக்கத்துக்கு, கடைமடை ஒத்துவராது. கடை என்றால் கடைசி. உபுண்டுவைக் கடைமடை என்றால் மின்ட்டை எங்கே கொண்டு வைப்பது?

சரிதான் தங்கச்சி, என் ஊர்ப்பாசம் கண்ணை மறைத்துவிட்டது. கீழ்மடை என்று வைத்துக்கொள்வோம், தலைமடை – கீழ்மடை. கடைமடையைக் கடைசிப் பயனருக்கு ஒதுக்கலாம். வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிறு அன்று சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.

மெயின்டெய்னருக்கு, அதாவது மென்பொருளைப் பராமரிப்பவருக்கு, என்ன சொல் என்று அடுத்த இழை தொடங்குங்கள். மடையைக் காப்பவர் ஆதலால் மடையர் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.