திறந்த உலக விளையாட்டுகளில் பின்னணி இசை: எவ்வளவு போதும்?

கேள்வி

2017-இல் வெளியான ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்ற திறந்த உலக வீடியோ விளையாட்டை, அதாவது ஆடுபவர் தன் விருப்பப்படி எங்கும் சுற்றித் திரியக்கூடிய விளையாட்டை, சில மாதங்களாக ஆடி வருகிறேன். குழந்தை உறங்கிய பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கும் என்பதால், முதல் சில வாரங்கள் தொலைக்காட்சியின் ஒலியை முழுவதுமாக அடைத்துவிட்டே ஆடினேன். பிறகு ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். ஏற்கெனவே சுற்றிவந்த இடங்களுக்கே திரும்பிச் சென்றபோது, வேறொரு ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும் பீடபூமியில் காலக் கோயில் இடிந்து கிடக்கும். ஒலி இல்லாமல் பார்த்தபோது அது கூரை பெயர்ந்த ஒரு கட்டடம், அவ்வளவே. ஒலியோடு உள்ளே நுழைந்தால், இதே செல்டா வரிசையில் 1998-இல் வந்த ‘ஒகரினா ஆஃப் டைம்’ விளையாட்டில் இதே பெயருள்ள கோயிலில் கேட்ட பழைய மெட்டு, சில சுரங்கள் ஒலித்து, நீண்ட நேரம் நின்று, மறுபடியும் சில சுரங்களாக வருகிறது. சிறுவயதில் அந்த ஆட்டத்தை ஆடியவன் என்பதால் அதைக் கேட்டதும் என்னால் நகர முடியவில்லை. அந்தக் கோயில் எத்தனை காலமாக அப்படிக் கிடக்கிறது என்பதை எந்தக் கதாபாத்திரமும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஆனால் வெளியே புல்வெளியில் நடக்கும்போது பியானோவில் நான்கைந்து சுரங்கள் கேட்கின்றன, பிறகு காற்றும் பூச்சிகளும் காலடி ஓசையும் மட்டுமே. இசை குறைவாக இருப்பதுதான் இந்த வகை விளையாட்டுக்குப் பொருத்தமா? ஆடுபவர் எங்கே போவார், எவ்வளவு நேரம் நிற்பார் என்று தெரியாத நிலையில் இசையமைப்பாளர் எதை வைத்து எழுதுகிறார்?

பதில் 1

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்குக் காட்சியின் நீளம் நொடிக்கணக்கில் தெரியும். கதவு திறக்கும் கணமும் கத்தி உருவப்படும் கணமும் அவர் கண்முன் இருக்கின்றன. திறந்த உலக விளையாட்டில் அந்தக் கணங்களைத் தீர்மானிப்பவர் ஆடுபவர். அவர் ஒரு குன்றின் மேல் நின்று இருபது நிமிடம் வேடிக்கை பார்க்கலாம், அல்லது அடுத்த நொடியே எதிரிகளின் முகாமுக்குள் குதிக்கலாம். எனவே இசையமைப்பாளர் முழுப் பாடலாக எழுதுவதில்லை. எந்த இடத்திலும் சேரவும் பிரியவும் கூடிய துண்டுகளாகவும் அடுக்குகளாகவும் எழுதுகிறார்.

நீங்கள் குறிப்பிட்ட ‘ஒகரினா ஆஃப் டைம்’ விளையாட்டிலேயே அதன் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ இதற்கு ஒரு வழி கண்டார். பரந்த வெளியில் ஒலிக்கும் இசையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதிக்குப் பின் எந்தப் பகுதி வந்தாலும் பொருந்தும்படி அமைத்தார். ஆடுபவர் அசையாமல் நின்றால் அமைதியான பகுதிகளும், பகைவர் நெருங்கினால் பதற்றமான பகுதிகளும் வரும்.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ (2010) வேறு வழியில் போனது. அதன் இசையமைப்பாளர்களான பில் எல்மும் உடி ஜாக்சனும் இசையின் பெரும்பகுதியை ஒரே சுருதியிலும் ஒரே காலப்பிரமாணத்திலும் பதிவு செய்தார்கள். மேற்கத்திய இசைக் கணக்கில் சொன்னால் ஏ மைனர், நிமிடத்துக்கு 130 தட்டுகள். சுருதியும் தாளமும் மாறாததால், தனியாக ஒலிக்கும் ஒரு கிட்டாருக்கு மேல் முரசையோ எக்காளத்தையோ எந்த நொடியிலும் ஏற்றலாம், பிறகு ஓசைப்படாமல் இறக்கியும் விடலாம். குதிரை மெதுவாக நடக்கும்போது ஒலித்த இசையும், துப்பாக்கிச் சண்டையில் ஒலிக்கும் இசையும் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்ந்தவை என்பதால் நமக்குத் தையல் தெரிவதில்லை. மதுரை ஒரு சுருதி, தேனி ஒரு சுருதி என்று இருந்தால் எல்லையைத் தாண்டும்போதெல்லாம் காது இடறும் அல்லவா!

பதில் 2

முந்தைய பதிலில் உள்ள தொழில்நுட்ப விளக்கம் சரியே. ஆனால் ‘இசை குறைவாக இருப்பதே பொருத்தம்’ என்ற முடிவுக்கு நாம் போய்விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ‘தி விட்சர் 3’ (2015) விளையாட்டில் இசை தாராளமாகவே வருகிறது. மார்ச்சின் பிஷிபிவோவிச், மிகோவாய் ஸ்ட்ரோயின்ஸ்கி ஆகியோருடன் போலந்து நாட்டின் நாட்டுப்புற இசைக்குழுவான பெர்சிவாலும் சேர்ந்து உருவாக்கிய இசை அது. போரில் சீழ்பிடித்துக் கிடக்கும் வெலென் சதுப்பு நிலத்துக்கும், கடல் காற்று வீசும் ஸ்கெல்லிகே தீவுகளுக்கும் தனித்தனி இசை முகம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். அந்தத் தீவுகளில் முதன்முறை கரையேறியபோது கேட்ட பெண்குரலை, ஆட்டத்தின் கதை மங்கிவிட்ட பிறகும் நான் மறக்கவில்லை. அங்கே இசையைக் குறைத்திருந்தால் அந்த உலகமே வறண்டிருக்கும்.

எனவே அளவைக் காட்டிலும், அந்த இசை எதற்குச் சொந்தம் என்பதைத்தான் நான் கேட்பேன். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையில் பாடல்கள் காரின் வானொலிக்குச் சொந்தம். காரைவிட்டு இறங்கித் தெருவில் நடந்தால் பாட்டு நின்று நகரத்தின் இரைச்சல் மட்டும் மிஞ்சும். ‘விட்சர்’ இசை நிலத்துக்குச் சொந்தம். பழைய ‘செல்டா’ இசை வீரனுக்குச் சொந்தம் என்று சொல்லலாம், ஏனெனில் புறப்பட்ட கணம் முதல் அவனுடன் ஓர் அணிவகுப்பு போலக் கூடவே வரும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. ‘எதற்குச் சொந்தம்’ என்ற கேள்வியை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அப்படியானால் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ புல்வெளியில் கேட்கும் அந்த நான்கைந்து பியானோ சுரங்கள் எதற்குச் சொந்தம்?

பதில் 3

என் கணிப்பில் அவை ஆடுபவரின் கவனத்துக்குச் சொந்தமானவை. அந்த விளையாட்டில் காதும் ஒரு கருவி. புல்லுக்குள் எதிரி உறுமுவதையும், மழை தொடங்குவதையும் கேட்டே நாம் முடிவெடுக்கிறோம். தொடர்ந்து இசை ஒலித்தால் அந்தக் கருவி மழுங்கிவிடும். மனாகா கட்டாவோகா, யாசுவாகி இவாட்டா, ஹஜிமே வகாய் ஆகிய அதன் இசையமைப்பாளர்கள் மூவரும் இசையை அறவே எடுத்துவிடவில்லை. தேவையான இடத்தில் முழுமையாகவே தருகிறார்கள். பாழடைந்த வெளியில் கார்டியன் என்னும் இயந்திரம் உங்களைக் குறிவைத்த கணத்தில் அதே பியானோ படபடவென்று வெடிக்கும்போது உள்ளங்கை வியர்த்துப் போவதற்குக் காரணம், அதற்கு முன் பத்து நிமிடம் நிலவிய அமைதிதான்.

இன்னும் இரண்டு இடங்களை நீங்கள் ஹெட்ஃபோனோடு கேட்க வேண்டும். ஒன்று, டாரி டவுன். அக்கலா பகுதியில் வெறும் கட்டாந்தரையாக இருக்கும் இடத்தில் ஒரு தச்சர் ஊர் அமைக்க, நாம் மரமும் ஆட்களும் கொண்டுவந்து கொடுக்கிறோம். மலைவாசிகளான கோரோன், பாலைவனத்து கெருடோ, பறவை உருவ ரிட்டோ, நீரில் வாழும் ஸோரா என ஒவ்வோர் இனத்திலிருந்தும் ஒருவர் குடிவரும்போது, ஊரின் இசையில் அந்த இனத்துக்குரிய கருவி ஒன்று சேர்ந்துகொள்கிறது. முதலில் மெலிந்து ஒலித்த மெட்டு, கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் நிறைந்து ஒலிக்கிறது. முதல் பதிலில் சொல்லப்பட்ட அடுக்கு முறையேதான் இதுவும். ஆனால் இங்கே ஒவ்வோர் அடுக்கும் நாம் கைபிடித்து அழைத்துவந்த ஒரு மனிதர். ஊர் முடிந்த பிறகும் வேலை எதுவும் இல்லாமல் நான் அங்கே போய் நின்றிருக்கிறேன்.

மற்றொன்று, இரவில் குதிரைச் சவாரி. எங்கும் நிற்காமல் நெடுநேரம் போய்க்கொண்டே இருங்கள். பியானோ மிக மெதுவாக ஏதோ வாசித்துக்கொண்டிருக்கும். சுரங்களுக்கு இடையே அத்தனை இடைவெளி இருப்பதால், அது 1986 முதல் நமக்குத் தெரிந்த செல்டாவின் தலைமை மெட்டு என்று புரிவதற்குள் பாதி மெட்டு கடந்துவிடும். எனக்கு அது புரிந்தபோது விடியற்காலை இரண்டு மணி. குதிரையை நிறுத்தினால் மெட்டு அறுந்துவிடும் என்று, போக வேண்டிய பாதையை விட்டு ஆற்றங்கரையோடு ஓட்டிக்கொண்டே போனேன்.